இருக்கைக்குப் பின்னால் நின்ற கம்பி

சிங்கவரம்,
தை 8, வியாழக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். ஜெர்மனியில் பனி கொட்டுகிறது, கதவைத் திறக்கவே முடியவில்லை என்று போனில் சொன்னாயே, நீ சளி காய்ச்சல் இல்லாமல் நல்லபடியாக இருக்கிறாயா என்பதுதான் இங்கே எனக்கு எந்நேரமும் நினைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் போட்டிருக்கிறாள் என்று உறையைப் பார்த்ததுமே நைனாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பாய். பயப்படாதே பாப்பா, நைனா நன்றாக இருக்கிறார், வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். பயமெல்லாம் எனக்குத்தான். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதைப் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் கட்டிலை விட்டு அதிகம் நகர்வதில்லை, நான் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். வெளியே வந்து பேசினாலும் நீ ஒரு கேள்வி கேட்டால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. சிவலைப் பசு பொங்கலுக்கு மறுநாள் கிடாரிக் கன்று போட்டது, இரண்டும் சௌக்கியம். மல்லாட்டைக் கடலை விதைப்புக்கு மேட்டு நிலத்தை வாடகை டிராக்டர் வைத்து ஓட்டிவிட்டோம், பக்கத்து நிலத்துப் பூங்குழலிதான் முன்னே நின்று பார்த்துக்கொண்டாள். நைனாவுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது, தொடையில் வைத்த கம்பி அப்படியே இருக்கும், எடுக்க வேண்டியதில்லை என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். என்னைப் பற்றிக் கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் நிலையாக இல்லை. செஞ்சியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது திருப்பத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் என்னை அறியாமல் கத்திவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை பாதி வழியில் இறங்கிவிட்டேன், டிரைவர், "இன்னா டீச்சரம்மா, நா மெதுவாத்தான ஓட்டறேன்" என்று வருத்தப்பட்டார், அவர் மேல் தப்பில்லை. மீதி தூரம் வெயிலில் நடந்தே வந்தேன். கரும்பு ஏற்றிய வண்டி ஒன்று எதிரே ஆடி ஆடி வந்தது, அது தாண்டிப் போகிற வரைக்கும் வயலில் இறங்கி நின்றிருந்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் வாங்கும்போது நீ போட்ட ஒரே கட்டளை உனக்கு நினைவிருக்கும். எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் வாங்குங்கள், எந்தக் கலர் வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிற அந்த வளைந்த இரும்புக் கம்பியும் பெல்ட்டும் இல்லாமல் வண்டி வீட்டுக்கு வரக்கூடாது என்றாய். சித்திரையில் நீ வந்திருந்தபோது, காரை மோதவிட்டுச் சோதிக்கிற உன் வேலையை வைத்து நைனா உன்னைக் கேலி செய்தார், காருக்கெல்லாம் ஸ்டார் போடறியே, நம்ம வண்டிக்கு எத்தன ஸ்டாரு போடுவ என்று. நீ சிரிக்கவில்லை. பொம்மை மனுஷர்களை உட்காரவைத்துக் காரைக் கொண்டுபோய் மோதவிடுவதையும், அந்தப் பொம்மையின் நெஞ்சிலும் கழுத்திலும் கருவி வைத்து எவ்வளவு அடி விழுந்தது என்று பார்ப்பதையும், பெரியவர்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி என்று நம் நாட்டிலும் இப்போது பாதுகாப்புக்கு ஸ்டார் போடுவதையும் பொறுமையாகச் சொன்னாய். அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு இப்போது காதிலேயே நிற்கிறது. "அதெல்லாம் முன்னால மோதனா, பக்கத்துல மோதனா இன்னா ஆவும்னு பாக்கறது நைனா. உருண்டு உழறது வேற. அப்போ மேல இருக்கற கூரை நசுங்காம இருக்கணும், மனுஷன் வெளிய தூக்கி எறியப்படாம இருக்கணும். டிராக்டருக்குக் கூரை ஏது? இந்தக் கம்பிதான் கூரை. வண்டி குப்புற உழுந்தாலும் உனக்கு ஒரு ஆள் இடத்த அது உட்டு வெக்கும்." நைனா அதற்கப்புறம் கேலி செய்யவில்லை. பெல்ட் மட்டும் போட மாட்டார், ஆனால் கம்பியைத் துணி வைத்துத் துடைப்பார்.

அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னது நான் பாப்பா. உன் நைனா இல்லை.

ஆவணியில் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்டு இறக்கினோம் அல்லவா, டிராக்டரும் நிற்கட்டும், மல்லாட்டை மூட்டையும் நனையாமல் இருக்கட்டும் என்று. உயரம் பார்த்துப் போடவில்லை. உள்ளே விடும்போது கம்பி தகரத்தில் இடித்தது. ஒருதரம் இடித்து வளைத்தது, இன்னொருதரம் கிழித்தே விட்டது, அன்றைக்கு மழையில் நாலு மூட்டை நனைந்து முளைகட்டிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், இந்தக் கம்பியைக் கழற்றிப் போட்டால் போகிறது என்றேன். அவர், "பாப்பா திட்டும்டி" என்றார். நான், பாப்பா வரும்போது மாட்டிக்கொள்ளலாம், நீங்கள் என்ன ரோட்டில் பந்தயமா விடுகிறீர்கள், நம் நிலத்துக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டுகிறீர்கள் என்றேன். இரண்டு நாள் தட்டிக் கழித்தார். மூன்றாம் நாள் நானே செஞ்சிக்குப் போய்ப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்கூட ஒருதரம், "இருக்கட்டுமேம்மா, தகரத்த ஒசத்திக்கலாம்" என்றார். கேட்கவில்லை. கால் மணி நேர வேலை. கழற்றிய கம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் சாத்திவைத்தேன். மனசுக்குள் ஏதோ உறுத்தியதால், கம்பிதான் இல்லையே, இனிமேல் பெல்ட்டாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று தினமும் அவரிடம் சொல்லி அனுப்புவேன். அவர் சரி சரி என்பார், போட மாட்டார்.

ஐப்பசி இருபதாம் தேதி நடந்ததை உனக்கு நான் முழுசாகச் சொல்லவே இல்லை. வண்டி சாய்ந்தது, கால் மாட்டிக்கொண்டது, தூக்கிவிட்டார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு அங்கன்வாடிக்கு லீவு. நடவுக்காக நைனா கிழக்குத் துண்டில் சேடை ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பதினொரு மணிக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் போனேன். சேறு கலக்குகிற இரும்புச் சக்கரத்தோடு வண்டி வாய்க்கால் கரையில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தின வாரத்து மழையில் கரை உள்ளுக்குள் ஊறிப்போயிருந்திருக்கிறது, மேலே பார்த்தால் காய்ந்த மண்தான். வலதுபக்கச் சக்கரம் இறங்கியது. அவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், நான் சோற்றுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன், தள்ளிப் போ என்றுதான் ஆட்டினார் என்று பிறகு சொன்னார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது, அதோடு நிற்கவில்லை, அப்படியே முழுசாக மறிந்து சக்கரம் வானத்தைப் பார்த்து நின்றது. பெரிய சத்தம்கூட இல்லை பாப்பா. சேற்றில் மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்புறம் என்ஜின் கொஞ்ச நேரம் விக்கிவிக்கி ஓடி நின்றது.

அவரைக் காணவில்லை. நான் சேற்றில் விழுந்து எழுந்து அந்தப் பக்கம் போனபோது இருக்கை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் தலையும் ஒரு தோளும் மட்டும் தெரிந்தது. மட்கார்டு அவர் இடுப்பை அழுத்திச் சேற்றுக்குள் இறக்கியிருந்தது. சேறு ஆழமாக இருந்ததால்தான் உடம்பு நசுங்காமல் உள்ளே இறங்கியது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் வயலுக்குள் வந்துகொண்டே இருந்தது. காது வரைக்கும் தண்ணீர், வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர். நான் மண்டி போட்டு அவர் தலையை என் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், தூக்கத் தூக்க என் முட்டி சேற்றில் இறங்குகிறது, அவர் தலையும் கூடவே இறங்குகிறது. டீசல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்து வட்டம் வட்டமாகப் பரவியது, அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நான் போட்ட சத்தத்தில் பூங்குழலி நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். நைனாதான் மூச்சுக்கு நடுவில், "மோட்டார நிறுத்து பூங்குழலி, மோட்டார நிறுத்து" என்றார். அவள் ஓடினாள். அந்த ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், மூன்று நிமிஷம் இருக்குமா, எனக்குத் தெரியாது. தண்ணீர் அவர் கீழுதட்டைத் தொட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டார், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் நின்றது.

ஏரியில் தூர் வாருகிற ஜேசிபியை ஓட்டுகிறவர் செந்தமிழன் என்று ஒரு பிள்ளையாண்டான், திண்டிவனம் பக்கம். பூங்குழலி போய்ச் சொன்னதும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டியோடு வயலுக்குள் இறங்கிவிட்டார். சங்கிலி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார், "யம்மா, கைய எடுத்துடு, யம்மா, தள்ளிக்கோ" என்று கெஞ்சினார், நான் தலையை விடவே இல்லை. சங்கிலி அறுந்தால் நானும் அவரோடு போய்விடுகிறேன் என்றுதான் அப்போது தோன்றியது, உன் நினைப்பு அந்த நிமிஷத்தில் வரவில்லை, அதற்கும் என்னை மன்னித்துக்கொள். வெளியே இழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. 108 வந்து செஞ்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரி, மீதியெல்லாம் உனக்குத் தெரியும்.

பத்தாவது நாள் நீ வீடியோவில் வந்தாய். மறிந்து கிடந்த வண்டியை ஊரில் யாரோ எடுத்த போட்டோ உனக்கு வந்திருந்தது. நைனாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்ட கையோடு, கம்பி எங்கே என்று கேட்டாய். நான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "நாந்தான் கழட்டனேம்மா, கொட்டாயில இடிச்சுது" என்று சொல்லிவிட்டார். அப்புறம் நீ பேசியதை நான் குறை சொல்லவில்லை. "ஊரு பேரு தெரியாதவங்க சாவக்கூடாதுன்னு நா இங்க பொம்மைய உக்கார வெச்சி உக்கார வெச்சி மோதறேன், நீ நாலு போல்ட்டக் கழட்டிப் போட்டுட்டு எனக்கு நைனாவே இல்லாம பண்ணப் பாத்தியா" என்று அழுதாய். கம்பியையும் கழற்றிவிட்டுப் பெல்ட்டையும் போட்டிருந்தால் தூக்கி எறியப்படக்கூட வழியில்லாமல் வண்டிக்கு அடியிலேயே கட்டிப்போட்ட மாதிரி ஆகியிருக்கும், கம்பி இருந்தால்தான் பெல்ட் என்றாய். நான் தினமும் பெல்ட் போடுங்கள் என்று சொல்லி அனுப்பியது எனக்குத்தானே தெரியும். அவர் என் பேச்சைக் கேட்கிறவராக இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆரஞ்சைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நீ போனை வைத்துவிட்டிருந்தாய். அவர் போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மேலே பார்த்துப் படுத்திருந்தார்.

அன்றையிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. என்னோடு பேசுகிறாய், நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாய், கொடு பேசுகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை. உன் குரல் கேட்டதும் அவர் ரேடியோவை நிறுத்திவிடுவார். நான் பேசி முடித்ததும் பாப்பா சாப்பிட்டதா என்று கேட்பார், அவ்வளவுதான் கேட்பார். பொங்கலன்று நீ கூப்பிட்டபோது சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், உனக்குத் தெரியாது. நீ அவசரமாக வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாய். அவர் அந்தச் சட்டையோடே படுத்துக்கொண்டார்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொடுக்கும்போது கேட்டேன், ஏன் பழியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் வெகுநேரம் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "பாப்பா எங்கிட்ட பேசலன்னா நா நெலத்தப் பாத்துக்கினு மாட்டப் பாத்துக்கினு இருந்துடுவேன். ஒங்கிட்ட அது பேசலன்னா நீ இன்னாடி பண்ணுவ? ஒரு வேளச் சோறு எறங்குமா ஒனக்கு?" என்றார். அப்புறம், "போல்ட்டக் கழட்டறப்ப ஸ்பேனர எடுத்துக் குடுத்தவன் நாந்தான, அப்புறம் இன்னா" என்றார். சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை.

தகரத்தை நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஆள் வைத்து இரண்டு முழம் உயர்த்திவிட்டேன். ஒரு நாள் வேலை பாப்பா, அவ்வளவுதான், ஆவணியிலேயே செய்திருக்கலாம். வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது, பழைய கம்பி வேண்டாம், கீழே கிடந்தது துரு ஏறியிருக்கும் என்று கம்பெனியிலிருந்து புதுசு வரவழைத்து மாட்டச் சொன்னேன். தினமும் காலையில் சாணி அள்ளும்போது அதன் நாலு போல்ட்டையும் கையால் அசைத்துப் பார்க்கிறேன். அசையவில்லை என்று தெரிந்தாலும் திரும்பி வந்து இன்னொருதரம் பார்க்கிறேன். மாசி பிறந்ததும் நானே ஓட்டுவேன் என்று அவர் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார், டாக்டரும் அடிபட்டதிலிருந்து மூன்று மாதம் கழித்து ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நெஞ்சும் இல்லை. கரையோரம் ஓட்டாதீர்கள், மேட்டில் குறுக்கே திருப்பாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். இப்போது கம்பி இருக்கிறது, பெல்ட் போட வேண்டும் என்று யார் அவருக்குச் சொல்வது? அதைச் சொல்ல இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது.

நீயும் கார் வாங்கப் போவதாகச் சொன்னாய். உன் வேலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்காக, எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்கு, பனியில் வேகமாகப் போகாதே, பக்கத்தில் போகிற கடைக்குத்தானே என்று பெல்ட் போடாமல் கிளம்பாதே. நம் நிலம்தானே என்று நினைத்தவளுக்கு என்ன ஆனது என்று இப்போது உனக்குத் தெரியும்.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும். நைனாவிடம் பேசாமல் இருந்தது போல என்னிடமும் பேசாமல் போய்விடுவாயோ என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக வருவது அதனால்தான். உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்துவிடுவேனோ என்றுகூட எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது. அதனால் பிள்ளைகள் எழுந்து வீட்டுக்குப் போனதும் நேராகச் செஞ்சி தபால் ஆபீஸுக்குப் போய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்மேல் கோபமாக இரு, நான் தாங்கிக்கொள்வேன், சோறும் சாப்பிடுவேன், அவருக்கு அது தெரியாது, என்னைப் பற்றி அவர் நினைப்பது தப்பு. ஆனால் இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே, மணி பார்க்காமல், அவரைக் கூப்பிடு. போனை நான் எடுத்தாலும் என்னைக் கேட்காதே, நைனாவிடம் கொடு என்று சொல். நான் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

நோய் நொடி இல்லாமல், நல்ல ஆயுசோடு, தலைக்கு மேலே எப்போதும் ஒரு காவலோடு நீ இருக்க வேண்டும். அவர் போன் நம்பர் பழையதுதான். உன் தலையைத் தடவிக்கொடுத்து முடிக்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
தா. செல்லம்மாள்